உடற்கூறு அறையில் முதல் வாரம்

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த மாணவர் கையால் தொடும் முதல் உடல், பல நேரம் யாரும் உரிமை கோராத உடல். அரசு மருத்துவமனையிலோ தெருவோரத்திலோ இறந்து, எங்கள் ஆள் என்று சொல்ல ஒருவரும் வராமல், 1951ஆம் ஆண்டு உடற்கூறியல் சட்டப்படி கல்லூரிக்கு ஒப்படைக்கப்பட்டவர். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். மேசையில் எண் மட்டும்தான்.

மேசையைச் சுற்றி முதலாண்டுப் பிள்ளைகள் நிற்கிறார்கள். வெள்ளைக் கோட்டில் கடைக்காரர் போட்ட மடிப்பு இன்னும் கலையவில்லை. ஃபார்மலின் நெடி மூக்குக்கு ஏறுவதற்குள் கண்ணை எரிக்கத் தொடங்கிவிடுகிறது. உடலை மதிப்போம், கேலி பேச மாட்டோம், படம் எடுக்க மாட்டோம் என்று பேராசிரியர் சொல்லச் சொல்ல உறுதிமொழி எடுக்கிறார்கள். யாராவது ஒருவர் மயங்கி விழுவார். அவரைத் தாங்கிப் பிடித்து, வெளியே உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் தெளிப்பதுதான் அந்த வகுப்பு செய்யும் முதல் சிகிச்சை. அன்று மதியம் விடுதி மெஸ்ஸில் கறிக்குழம்பு அவ்வளவாகச் செலவாகாது.

சினிமா இந்த அறையோடு நின்றுவிடும். உள்ளே இருந்து வந்தவர்களைக் கேட்டால் சொல்லும் கதை வேறு. பிணம் இரண்டு வாரத்தில் பழகிவிடுகிறது. மூன்றாம் வாரம், கிரிக்கெட் பேசிக்கொண்டே அக்குள் நரம்புகளைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். பழகாமல் கூடவே வருவது ஓர் எண்ணம்: பக்கத்தில் நிற்பவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதே இன்றைய சொற்பொழிவின் பொருள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதலாண்டு மாணவரின் திகைப்பை அவருடைய பலவீனத்தின் கணக்கில் எழுதிவிடுவது நம் வழக்கம். ஆனால் ஒன்றரை நூற்றாண்டுக் கதையைப் புரட்டினால், மருத்துவக் கல்லூரிக்குள் புதிதாக ஒரு கூட்டம் நுழைந்தபோதெல்லாம் ஆயத்தமில்லாமல் இருந்தது கல்லூரிதான் என்று தெரிகிறது.

இதைப் பெரியபாளையத்தில் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஆரணியாற்றங்கரையில் பவானியம்மனை நம்பி வாழும் ஊர் இது. ஆடி ஞாயிறுகளில் வேப்பஞ்சேலை உடுத்திக் கோயிலைச் சுற்றும் கூட்டத்தில் பாதிப் பேரின் நேர்த்திக்கடனுக்குப் பின்னால் ஒரு நோய் இருக்கும்: அம்மை கண்டு பிழைத்த குழந்தை, அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய கணவர். நோயைப் பற்றி இந்த ஊருக்குத் தெரியும். மருத்துவப் படிப்பு மட்டும் அண்மைக்காலம்வரை சென்னையில் இருக்கும் சமாச்சாரமாகவே இருந்தது. எல்லாபுரம் ஒன்றியத்துக் கிராமத்துப் பிள்ளைக்கு அரசு மருத்துவக் கல்லூரி என்றால் எம்.எம்.சி., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் என்று செங்குன்றத்துக்கு அப்பாலிருக்கும் பெயர்கள்தாம்.

2022 ஜனவரி 12 அன்று அது மாறியது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மொத்தம் 1,450 இடங்கள். விருதுநகர், நாமக்கல், அரியலூர், ராமநாதபுரம் என்று நீளும் அந்த வரிசையில் திருவள்ளூரும் 100 இடங்களோடு சேர்ந்தது. கொரோனாவின் மூன்றாம் அலை ஓடிக்கொண்டிருந்த நேரம் என்பதால் திறப்பு விழா காணொலியில் நடந்தது. அடுத்த மாதம் முதலாண்டு வகுப்புகள் தொடங்கின.

புதிய கல்லூரியின் முதல் அணிக்கு ஒரு விசித்திர நிலை. சீனியர் என்று ஒருவரும் இல்லை. பயமுறுத்த ஆளில்லை என்பது நிம்மதி. வழி சொல்லவும் ஆளில்லை என்பது பின்னால்தான் உறைக்கும். எந்தப் பேராசிரியர் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எதைக் கேட்பார், சௌராசியாவின் உடற்கூறியல் புத்தகத்தில் எந்தப் படத்தை எத்தனை முறை போட்டுப் பார்க்க வேண்டும், ஹிஸ்டாலஜி ரெக்கார்டுக்கு ஊதாவும் இளஞ்சிவப்புமான பென்சில்கள் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் வராத பாடங்கள். பழைய கல்லூரிகளில் இவை சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறும். போன்ஸ் செட்டும் அப்படித்தான்: ஒருவர் படித்து முடித்த எலும்புகள் பாதி விலைக்கு அடுத்தவருக்குப் போகும்.

எலும்புகளைப் பற்றி ஓர் இடைச்செருகல். உலகின் மருத்துவக் கல்லூரிகளுக்கு மனித எலும்புக்கூடு அனுப்பும் பெரிய சந்தையாக ஒருகாலத்தில் கல்கத்தா இருந்தது. 1985இல் இந்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. அமெரிக்காவில் பழைய கல்லூரி அலமாரிகளில் தொங்கும் எலும்புக்கூடுகளில் பல நம் நாட்டு ஏழைகளுடையவை. பிரிட்டனும் இதே வழியில் நடந்த நாடுதான். எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் ஆட்களைக் கொன்று உடற்கூறு ஆசிரியருக்கு விற்றது 1828இல் வெளிப்பட்டது. அதையடுத்து 1832இல் வந்த சட்டம், உரிமை கோரப்படாத ஏழைகளின் உடல்களைக் கல்லூரிகளுக்குத் திறந்துவிட்டது. நம் 1951 சட்டமும் அந்த மரபில் வந்ததே. ஏழைகள் கல்லூரிக்குள் மாணவராக நுழைவதற்கு வெகுகாலம் முன்பே மேசைமேல் நுழைந்துவிட்டார்கள் என்பது கசப்பான உண்மை. உடல்தானம் பெருகுவது இதைக் கொஞ்சம் மாற்றுகிறது. 2010இல் ஜோதிபாசுவின் உடலும் 2024இல் சீதாராம் யெச்சூரியின் உடலும் மருத்துவ மாணவர்களுக்காகக் கொடுக்கப்பட்டன. தாய்லாந்தில் இப்படி உடல் தந்தவரைப் பெரிய ஆசான் என்றே மாணவர்கள் அழைக்கிறார்கள். தைவானின் ட்சூ சீ பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் தானம் தந்தவரின் வீட்டுக்குப் போய், அவர் எப்படி வாழ்ந்தார் என்று குடும்பத்தாரிடம் கேட்டறிகிறார்கள். நம் கல்லூரிகளிலும் உறுதிமொழி இருக்கிறது. எண்ணுக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றி ஒரு வரி தெரிந்துகொள்ள வழி இல்லை.

இனி, கதவைத் திறந்து வந்தவர்களைப் பார்ப்போம்.

சென்னையில் மருத்துவப் பள்ளி 1835இல் தொடங்கியது. நாற்பது ஆண்டுகள் அங்கே ஆண்கள் மட்டும். 1875இல் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி இன்னும் மூன்று பெண்களோடு உள்ளே வந்தார். அவர் கணவர் சென்னையில் வழக்கறிஞர். ஆண் மருத்துவர் தொடக்கூடாதென்று வீட்டுக்குள்ளேயே பிரசவத்தில் சாகும் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டதுதான் அவரைப் படிக்கத் தூண்டியது. மருத்துவத் துறைத் தலைவர் எட்வர்ட் பால்ஃபர் ஆதரவு தந்தார். எல்லாரும் அப்படியில்லை. வார்டில் நீங்கள் நடப்பதை நான் தடுக்க முடியாது, ஆனால் கற்பிக்க மாட்டேன் என்ற பொருளில் மூத்தவர் ஒருவர் பேசியதை ஷார்லீப் பிற்பாடு தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். அந்த முதல் நாட்களின் திணறலுக்கு மாணவியின் அறிவுக்குறைவு காரணமென்று இன்று எவராவது சொல்வார்களா? படிப்பை முடித்து, லண்டனிலும் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர் 1885இல் தொடங்கிய மருத்துவமனைதான் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி. பெரியபாளையத்துப் பாட்டிமார் பலருக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும்.

1907இல் அதே கல்லூரிக்குப் புதுக்கோட்டையிலிருந்து முத்துலட்சுமி வந்தார். அதற்கு முன்பே மன்னர் கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே படிக்கப் போராடி இடம் பெற்றவர். உடல்நலம் சரியில்லாதவர், கண்பார்வையும் குறைவு. 1912இல் பரிசுகளோடு பட்டம் பெற்று, சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் ஆனார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் அவர் முயற்சியால் எழுந்தது.

வேலூரில் நடந்தது இன்னும் சுவையானது. 1918இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்க முனைந்தபோது, மூன்று விண்ணப்பம் வந்தாலே பெரிது என்று அவரிடம் சொல்லப்பட்டது. வந்தவை 151. எடுத்துக்கொள்ள முடிந்ததோ இருபதுக்கும் குறைவான பேரை. முதல் தேர்வில் அந்தப் பெண்கள் எல்லாரும் தேறினார்கள், மாகாணத்து ஆண் மாணவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர்தான் தேறினார்கள் என்பது வேலூர்க்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் கதை. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சென்னையில் பெண்கள் பிறருக்காகக் கட்டிய கல்லூரிக்குள் நுழைந்தார்கள். வேலூரில் கல்லூரியே அவர்களுக்காகக் கட்டப்பட்டது. முதல் நாளில் விழும் அடி குறைந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்க இடமிருக்கிறது.

யாழ்ப்பாணத்து மானிப்பாய்க் கதை இவை எல்லாவற்றுக்கும் மேலே. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். படித்தவர்கள் அரசு வேலைக்கும் வெளியூருக்கும் போய்விட, கிராமம் பழையபடி வைத்தியரில்லாமல் கிடந்தது. 1860களின் நடுவில் கிறீன் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். தாமும் மாணவர்களும் சேர்ந்து பாடப்புத்தகங்களைத் தமிழாக்கினார்கள். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. லண்டனில் 1858இல் வெளியான கிரேயின் உடற்கூறியல் நூல், 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் அச்சாகிவிட்டது. இடைவெளி பதினான்கே ஆண்டு. அவரிடம் படித்துத் தேறியவர்கள் அறுபதுக்கு மேல்; அவர்களில் பாதிப் பேர் தமிழிலேயே படித்தவர்கள். 2022 அக்டோபரில் போபாலில் எம்.பி.பி.எஸ். முதலாண்டுப் புத்தகங்கள் இந்தியில் வெளியிடப்பட்டதைப் புதுமை என்று நாளிதழ்கள் கொண்டாடியபோது, மானிப்பாயை நினைத்தவர்கள் மிகச் சிலரே.

கிறீன் செய்ததை அப்படியே இன்று செய்ய வேண்டும் என்பதில்லை. மேற்படிப்பும் ஆராய்ச்சி இதழ்களும் ஆங்கிலத்தில் இருக்கும்வரை, தமிழில் மட்டும் படித்த மருத்துவர் சுவருக்குள் அடைபடுவார் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மாணவருக்கு ஆங்கிலம் போதவில்லை என்ற இடத்தில் கிறீன் பழியை மாணவர்மேல் போடவில்லை. புத்தகத்தை மாற்றினார். தமிழ்நாடு பாடநூல் கழகம் அண்மை ஆண்டுகளில் மருத்துவப் பாடநூல்கள் சிலவற்றைத் தமிழில் கொண்டுவந்திருக்கிறது. தேர்வை ஆங்கிலத்தில் எழுதினாலும், இரவில் ஒருமுறை தமிழில் படித்துப் பொருள் பிடித்துக்கொள்ள அவை உதவும். அவை விடுதி நூலகத்தில் கைக்கெட்டும் தட்டில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

நம் காலத்தில் கதவைத் திறந்த சட்டம் 2020இல் வந்தது. நீட் தேர்வு 2017இல் தமிழ்நாட்டுக்குள் வந்தபின், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவது விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தது. நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காமல் போன அரியலூர் மாணவி அனிதாவின் பிளஸ் டூ மதிப்பெண் 1,200க்கு 1,176. அந்த ஆண்டு செப்டம்பர் முதல் தேதி அவர் உயிரை விட்டதை இந்த அரங்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு நீதிபதி கலையரசன் குழு 10 சதவீத உள் ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்தது, அரசு 7.5 சதவீதம் என்று சட்டமாக்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் ஆண்டிலேயே 313 எம்.பி.பி.எஸ். இடங்களும் 92 பல் மருத்துவ இடங்களும் அவர்களுக்கென்று ஒதுங்கின. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்றது.

சட்டம் இடத்தைக் கொடுத்தது. வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது?

உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று மூன்று பாடங்கள். முதல் மணி நேரத்திலேயே பெயர்கள் மழையாகக் கொட்டும். அவற்றில் பெரும்பகுதி லத்தீனும் கிரேக்கமும். டில்லிப் பள்ளியில் படித்தவருக்கும் எல்லாபுரத்து அரசுப் பள்ளியில் படித்தவருக்கும் அந்தச் சொற்கள் ஒரே அளவு புதியவை. இதை முதல் வகுப்பில் ஓர் ஆசிரியர் வாய்விட்டுச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும். வேறுபாடு, சொற்களுக்கு நடுவே வரும் சாதாரண ஆங்கிலத்தில் இருக்கிறது: கேள்வி கேட்பதில், கையைத் தூக்குவதில், வைவாவில் தெரிந்த பதிலைத் தயங்காமல் சொல்வதில். தமிழ்வழியில் படித்த மாணவருக்கு அக்குள் நரம்புப் பின்னல் மனப்பாடமாக இருக்கும். அதை வாக்கியமாக்குவதற்குள் மணி அடித்துவிடும். மதிப்பெண் பட்டியலில் அது தெரியாத பதிலாக ஏறும்.

இந்தக் குறையைத் தேசிய அளவில் உணர்ந்ததன் அடையாளம் 2019இல் வந்த புதிய பாடத்திட்டம். பாடம் தொடங்குமுன் ஒரு மாத அடித்தளப் பயிற்சி, 175 மணி நேரம் என்று அதில் வைத்தார்கள். முதலுதவி, கணினி, விளையாட்டு, மொழிப் பயிற்சி எல்லாம் அதில் இருந்தன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏழு ஆண்டுகள் தமிழில் அறிவியல் படித்தவருக்கு ஒரு மாத ஆங்கிலம் என்பது கண்துடைப்பாகிவிடக் கூடாது. ஆண்டு முழுவதும் வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்குவது ஒரே மாதத்தில் திணிப்பதைவிட மேலானது.

உடலியங்கியல் ஆய்வகத்தில் இன்னொரு வகை முதல் அனுபவம். தன் விரலைத் தானே ஊசியால் குத்தி, வந்த சொட்டு ரத்தத்தில் அணுக்களை எண்ண வேண்டும். பிறர் உடலை அறுக்கத் தயங்காதவர்கூட இங்கே பத்து நிமிடம் ஊசியைப் பார்த்துக்கொண்டே நிற்பார். முந்தைய தலைமுறை தவளையைப் பிடித்து நரம்பும் தசையும் பிரித்தது. அது இப்போது கணினித் திரைக்குப் போய்விட்டது. ஆனால் விரல் இன்னும் சொந்த விரல்தான். தன் ஹீமோகுளோபின் அளவைத் தானே கண்டுபிடித்துத் திடுக்கிடும் மாணவியர் உண்டு. ரத்தசோகை பற்றிய பாடம் அவர்களுக்கு அன்றே தொடங்கிவிடுகிறது.

விடுதி என்றதும் பெற்றோருக்கு வரும் அச்சம் ஒன்றுதான். அந்த அச்சத்துக்கு 1996 நவம்பர் என்று தேதி உண்டு. சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதையடுத்து, ராகிங்கைத் தடை செய்யும் சட்டத்தைத் தமிழ்நாடு 1997இல் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2011இல்தான் ஆயுள் தண்டனை உறுதியானது. சட்டத்துக்குப் பின் உடலை வதைக்கும் ராகிங் பெருமளவு அடங்கியிருக்கிறது. கோட்டா பையன் என்று மெல்லிய குரலில் சொல்லும் கிண்டல் எந்தப் புகார்ப் பெட்டியிலும் விழுவதில்லை. அதைச் சொல்வது சீனியர் என்றும் இல்லை; பக்கத்து பெஞ்சுக்காரராகவும் இருக்கலாம்.

நிலைமை தலைகீழாகும் ஓர் இடமும் உண்டு. முதலாண்டிலிருந்தே ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்ற திட்டத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் கொண்டுவந்தது. அங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆயா, தன் தொல்லையைச் சௌராசியாவின் மொழியில் சொல்வதில்லை. “மேலுக்கு முடியல கண்ணு, தலை கிறுகிறுன்னு வருது, கால் வுட்டு வுட்டு மரமரங்குது” என்பார். நகரத்துப் பள்ளியில் படித்த மாணவர் பேனாவைப் பிடித்தபடி விழிப்பார். பெரியபாளையத்துப் பிள்ளை, “எத்தினி நாளா ஆயா? சோறு துன்னியா? சக்கர மாத்திர போடுறியா?” என்று பக்கத்தில் உட்கார்ந்துவிடும். நோயாளியின் வாயிலிருந்து வரலாறு வாங்குவது மருத்துவத்தின் முதல் திறமை என்று எல்லாப் பாடநூலும் சொல்கிறது. அந்தத் திறமைக்கு நுழைவுத் தேர்வில் ஒரு மதிப்பெண்கூட இல்லை.

இந்த மாவட்டத்தில் அத்திறமைக்குத் தமிழ் மட்டும் போதாது. ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் ஆந்திரம். நம் பக்கத்துக் கிராமங்களிலேயே வீட்டில் தெலுங்கு பேசுவோர் ஏராளம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கைகளில் பல பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவை. செங்கல் சூளைகளில் குடும்பத்தோடு தங்கியிருக்கும் ஒடியா தொழிலாளிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லக்கூட ஆள் தேட வேண்டியிருக்கிறது. திருவள்ளூரில் படிக்கும் மாணவருக்கு ஆங்கிலத்தோடு கொஞ்சம் தெலுங்கும் இந்தியும் கற்பித்தால், அது ஆடம்பரமாகாது.

ஊரைப் பற்றிப் பாடநூலில் படிக்கும் வாய்ப்பும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை, காசநோய் ஆராய்ச்சியில் உலகறிந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்துப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற முடிவு உலகையே வியக்கவைத்தது. சமூக மருத்துவ வகுப்பில் செங்கல்பட்டுச் சோதனை என்று ஒரு பத்தியாக இது வரும். தாத்தாவும் பாட்டியும் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்ட வரலாறு அது என்பதை, அந்தப் பத்தியைப் படிக்கும் பேரப்பிள்ளைக்கு யாராவது சொல்ல வேண்டும்.

கடைசியாக, இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக்காரர்கள் முன்னே உட்கார்ந்திருக்கும் துணிச்சலில் ஒரு வேண்டுகோள். அரசு கட்டணத்தைக் கட்டுகிறது. கட்டணத்துக்கு வெளியே நிற்பவை பல: பாடப் புத்தகங்கள், இரண்டு வெள்ளைக் கோட்டுகள், ஸ்டெதாஸ்கோப், போன்ஸ் செட், முதல் மாதக் கைச்செலவு. இந்த அறக்கட்டளையின் வட்டிப் பணத்தில் செயற்கை எலும்புத் தொகுதிகள் நான்கைந்து வாங்கி, ஒன்றியத்திலிருந்து மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஓராண்டு இரவலாகக் கொடுக்கலாம். கூடவே முதலாண்டுப் புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு தொகுதி. திருப்பிக் கொண்டுவந்து தரும் நாளில், அடுத்த ஆண்டு போகவிருக்கும் பிள்ளையோடு அரை நாள் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவதை மட்டும் நிபந்தனையாக வைக்கலாம். எந்தக் கடையில் பென்சில் கிடைக்கும் என்பதிலிருந்து தொடங்கட்டும்.